எண்ண வேண்டியது மூச்சு

கைக்குழந்தைக்குச் சளி கண்டதும், "இது எந்தக் கிருமி?" என்றே பெற்றோர் முதலிற் கேட்கின்றனர். ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரஸ் 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், தடுமனுற்ற சிம்பன்சிக் குரங்குகளிடம் கண்டறியப்பட்டது. இரண்டு வயதிற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது ஒரு முறையேனும் தொற்றுகிறது. பெரும்பாலோருக்குச் சாதாரணச் சளியாக வந்து, ஓரிரு வாரங்களில் நீங்கிவிடும். சிலருக்கு, குறிப்பாக முதல் ஆறு மாதங்களில், நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்கி அடைபடுகின்றன.

ஆகவே, பெற்றோரின் அச்சம் வீணன்று. ஆயினும் அது கிருமியின் பெயரைவிட மூச்சின் மீதே கருத்தைச் செலுத்த வேண்டும் என்பது எமது துணிபு. வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் மருந்து பயன்படாது. குழந்தை அமைதியாயிருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், ஓராண்டிற்குட்பட்டதற்கு 50-ம் அதற்கு மேலும் இருப்பின், தாமதமின்றி மருத்துவரிடம் காட்டல் வேண்டும். பால் குடிக்க இயலாமையும் உதடு நீலமாதலும் கண்டால் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

இவற்றைத் தாய்மாருக்கு எந்தச் சொல்லாற் கூறுகிறோம் என்பதும் சிறு செய்தியன்று. "மார்புச்சுவர் உள்வாங்கல்" என அச்சிடுவது மொழிபெயர்ப்பாகலாம், எச்சரிக்கையாகாது. "மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா?" என்று கேட்டால் எத்தாயும் குழந்தையின் சட்டையை உயர்த்திப் பார்ப்பாள். களப்பணியாளரும் ஆசிரியரும் அவ்வாறே கேட்பாராக.