இருப்புப்பாதை ஓரம்: ஒன்றரை மைல் இரயில்



பார்சல் சீட்டு எழுதியே காலம் கழிக்கும் என்போன்ற இரயில்வே குமாஸ்தாவுக்கு, எந்த நாட்டின் பெயரைக் கேட்டாலும் முதலில் எழும் வினா, “அங்கே இருப்புப்பாதை எத்தனை மைல்?” என்பதே. சென்ற வாரம் என் மகள் பூகோளப் பாடத்திற்காக லெசோத்தோவைப் பற்றிக் கேட்டாள். விடை தேடிய நான் திகைத்துப்போனேன். நாடு முழுவதற்கும் இருப்பது 2.6 கிலோமீட்டர், அதாவது ஒன்றரை மைலுக்குச் சற்றே கூடுதல்!

நான்கு புறமும் தென்னாப்பிரிக்கா சூழ, மலைமீது அமைந்த நாடு அது. அதன் மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1966 அக்டோபர் 4-ஆம் நாள் விடுதலை பெறும் வரை அதன் பெயர் பசுட்டோலாந்து. ஆங்கிலேயர் ஆட்சியில், 1905-ஆம் ஆண்டு, எல்லைக்கு அப்பாலுள்ள பாதையிலிருந்து தலைநகர் மாசேருவுக்கு ஒரு கிளை இட்டனர். நம் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம்; அதுவோ 3 அடி 6 அங்குலம். மலைக்குள் அது ஓரடியும் மேலே செல்லவில்லை.

மலையைக் குடைவது பெருஞ்செலவு என்பது உண்மையே. ஆயின் அப்பாதைக்கு மலைக்குள் வேலையும் இல்லை. தானியமும் சரக்கும் உள்ளே வந்தன. ஆண்மக்கள் வெளியே சென்றனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1980-களின் இறுதியில் அச்சுரங்கங்களில் உழைத்த லெசோத்தோ மக்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர். கொண்டவன் சுரங்கத்தில் இருக்க, உழுவதும் விதைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் பெண்களின் பொறுப்பாயின. ஊதியத்தில் ஒரு பகுதியைத் தாய்நாட்டிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 1974-இல் சட்டமே செய்தனர்.

சாலையின் கதையும் கேட்கத் தக்கதே. 1947-இல் ஆங்கில அரச குடும்பத்தார் வருகைக்காக மாசேருவில் ஒரு வீதிக்குத் தார் இட்டனர். விடுதலை வரை தலைநகரில் தார் கண்ட வீதி அது ஒன்றே. உயர்மலைக்கு நல்ல சாலை வந்ததோ அணைக்கட்டின் பொருட்டு. தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் விற்க 1986-இல் உடன்படிக்கை ஆயிற்று. 185 மீட்டர் உயரமுள்ள கட்சே அணை எழுந்தது. 1998-இல் தண்ணீர் சென்றது. அதற்காக மலையைக் குடைந்த சுரங்கவழி ஏறத்தாழ 80 கிலோமீட்டர்! தண்ணீர் செல்லக் குடைந்த மலையில், மனிதர் செல்லத் தண்டவாளம் இன்றுவரை இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் என் மகள், “போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா, அப்பா?” என்றாள். 1990-களில் சுரங்கங்கள் ஆட்குறைப்புச் செய்ததால் பல்லாயிரவர் வேலையிழந்து திரும்பினர். சிலர் நெஞ்சில் கல்தூசு நோயுடன் வந்தனர். அத்தகையோருக்கான இழப்பீட்டு உடன்பாட்டைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் 2019-இல்தான் ஏற்றது.

அவள் கேட்டது என்னைச் சுட்டது. இவ்வூருக்கு மாற்றலாகி வந்தபின் மூன்றாண்டுகள் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே இருந்தேன். மாதந்தோறும் பணம் தவறாமல் சென்றது. விடுப்பு இருந்தது, இலவசப் பாஸும் இருந்தது. ஆயினும் ‘அடுத்த மாதம்’ என்று தள்ளிக்கொண்டே போனேன். இறுதியில் ஊர் சென்றபோது, இதே மகள் என்னைக் கண்டு தாயின் முந்தானைக்குப் பின் ஒளிந்தாள். அன்று அவளுக்கு வயது நான்கு.

அன்பர்களே, சுரங்கத்திற்குச் சென்ற அம்மக்களுக்கு ஒப்பந்தக் காலம் முடியும் வரை திரும்ப வழியில்லை. நமக்கோ பாதை நம் ஊர் வரை கிடக்கிறது. குடும்பத்தை ஊரில் விட்டு வந்திருப்போர், பொங்கலுக்கு இப்போதே முன்பதிவு செய்துகொள்க. இடம் கிடைக்கவில்லையெனில் காத்திருப்போர் பட்டியலிலேனும் பெயரைக் கொடுத்து வைக்கவும்.