கம்பெனி பதிந்தால் குடியேறிவிடலாமா?

“வேலை தேடி அலையாதே. ஐரோப்பாவில் ஆன்லைனிலேயே ஒரு கம்பெனி பதிந்துவிடு. ஸ்டார்ட்அப் விசா தானாக வரும். குடும்பத்தோடு போய் உட்கார்ந்துவிடலாம்.”

சென்னையிலும் கோவையிலும் ஐ.டி. வேலையில் இருக்கும் பலருக்கு இந்த வாசகம் மனப்பாடம். ஏஜென்டுகள் சொல்கிறார்கள், யூட்யூபில் சொல்கிறார்கள், அந்தப் பக்கமே போகாத நண்பர்களும் சொல்கிறார்கள். முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். நெதர்லாந்து, எஸ்டோனியா, டென்மார்க், பிரிட்டன், சிங்கப்பூர் எனப் பல நாடுகளில் புதுத்தொழில் தொடங்குகிறவருக்கென்றே தனி அனுமதி இருக்கத்தான் செய்கிறது. அது எதைப் பார்த்துத் தரப்படுகிறது என்ற இடத்தில்தான் கதை தடம் புரள்கிறது.

ஊரில் ஜாமீன் கையெழுத்தில் கடன் வாங்குகிறோமே, இந்த அனுமதியும் ஏறக்குறைய அதே மாதிரிதான். உள்ளூரில் பெயருள்ள ஒருவர் உங்களுக்காக முன்னால் நிற்க வேண்டும். கெடு உண்டு. சொன்னதைச் செய்யாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த வாசகத்துக்குள் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று: “கம்பெனி பதிந்தாலே குடியிருப்பு அனுமதி வந்துவிடும்”

இந்தக் குழப்பத்துக்குப் பெரிய காரணம் எஸ்டோனியாவின் ‘இ-ரெசிடென்சி’. 2014 டிசம்பரில் அந்த நாடு தொடங்கிய திட்டம் இது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் விண்ணப்பித்து, சிப் பொருத்திய ஒரு டிஜிட்டல் அடையாள அட்டையைப் பெறலாம். அதை வைத்து ஆவணங்களில் மின்கையெழுத்து இடலாம், எஸ்டோனியாவில் கம்பெனி பதியலாம், அதை வெளிநாட்டிலிருந்தே நடத்தலாம். மிக நல்ல வசதி. ஆனால் அந்த அட்டை பயண ஆவணம் கிடையாது. தலைநகர் தாலினின் விமான நிலையத்தில் அதை நீட்டினால் உள்ளே விடமாட்டார்கள். குடியிருக்கும் உரிமை, குடியுரிமை, விசா எதுவும் அதில் அடங்காது. இதை எஸ்டோனிய அரசே வெளிப்படையாகச் சொல்கிறது. ‘ரெசிடென்சி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆசை வளர்ப்பவர்கள் முன்னால் நிற்கும் ‘இ’யைக் கவனிப்பதில்லை.

அங்கே போய் வாழ விரும்பும் தொழில்முனைவோருக்கு 2017-இல் தனியாக ஒரு ஸ்டார்ட்அப் விசா வந்தது. அதற்கு முதலில் ‘ஸ்டார்ட்அப் கமிட்டி’ என்ற குழு உங்கள் தொழிலைப் பரிசீலித்து, இது ஸ்டார்ட்அப்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் சலுகை பெரிது: சாதாரணத் தொழில் தொடங்கிக் குடியேறுகிறவர் காட்டவேண்டிய 65,000 யூரோ முதலீடு இவர்களுக்குத் தேவையில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால், ஏற்கெனவே பதிந்த கம்பெனி வெறும் பதிவெண்ணாக நிற்கும்.

நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கை வாங்குவது ரிசர்வ் வங்கியின் 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்கு உட்பட்டது. வங்கி வழியாகத் தெரிவிக்க வேண்டும். பணம் அனுப்ப ஒருவருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற வரம்பும் இருக்கிறது. பதிவுக் கட்டணத்தை கிரெடிட் கார்டில் தேய்ப்பதற்கு முன் ஆடிட்டரை ஒரு முறை பார்ப்பது நல்லது.

இரண்டு: “எந்தத் தொழிலானாலும் சரி, சொந்தத் தொழில் என்றால் போதும்”

நம் ஊரில் சொந்தமாகக் கடை போட்டவரும் முதலாளிதான். குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அவர் ஸ்டார்ட்அப் நிறுவனர் ஆவதில்லை. டென்மார்க்கின் ‘ஸ்டார்ட்-அப் டென்மார்க்’ திட்டத்தில் தொழில்திட்டத்தை நிபுணர் குழு ஒன்று மதிப்பிடுகிறது. உணவகம், சில்லறைக் கடை, சிறு வியாபாரம், ஏற்றுமதி இறக்குமதி போன்றவை பொதுவாகத் தள்ளுபடிதான். ஆண்டுக்கு 75 அனுமதி என்ற உச்சவரம்பும் உண்டு. நம்மில் பலருடைய வெளிநாட்டுத் தொழில் கனவு தோசைக் கடையிலோ மளிகை இறக்குமதியிலோதான் தொடங்குகிறது. அந்தக் கனவில் குறையொன்றும் இல்லை. அதற்கான கவுண்டர் இது இல்லை, அவ்வளவுதான்.

தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் சிங்கப்பூரிலும் இதே கதைதான். தொழில்முனைவோருக்கான ‘ஆன்ட்ரபாஸ்’ அனுமதி கிடைக்காத தொழில்களின் பட்டியலை அந்த அரசே வைத்திருக்கிறது. காபிக் கடை, உணவங்காடி, மதுக்கூடம், மசாஜ் நிலையம், வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி, சீன வாஸ்து பார்ப்பது எல்லாம் அதில் இருக்கின்றன.

சரி, எதைப் புதுமை என்கிறார்கள்? நெதர்லாந்தின் விதி இதில் தெளிவானது. பொருளோ சேவையோ அந்த நாட்டுக்குப் புதிதாக இருக்க வேண்டும். அல்லது தயாரிப்பிலோ விநியோகத்திலோ விற்பனையிலோ புதிய தொழில்நுட்பம் இருக்க வேண்டும். அல்லது தொழிலை அமைத்து நடத்தும் முறையே புதிதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும். ‘வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட் செய்து தருகிறேன்’ என்பது உழைப்புள்ள தொழில்தான், ஆனால் இந்த மூன்றில் எதற்குள்ளும் எளிதில் நுழையாது.

மூன்று: “பணம் இருந்தால் எல்லாம் நடக்கும்”

பணக்கார நாடுகள் பணத்தைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும் என்ற எண்ணம் நமக்குள் ஊறியது. ஆனால் கடந்த இருபது ஆண்டு வரலாறு எதிர்த் திசையில் போகிறது. ஜெர்மனியில் 2005-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தொழில் தொடங்க வருகிறவருக்கு 10 லட்சம் யூரோ முதலீடு, 10 வேலைகள் என்று அளவுகோல் வைத்திருந்தது. அது படிப்படியாகக் குறைந்து, 2012-இல் தொகையும் வேலை எண்ணிக்கையும் சட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டன. தொழிலுக்கான தேவை, அது பொருளாதாரத்துக்குத் தரும் பயன், அதற்கு நிதி எங்கிருந்து வரும் என்று பார்க்கும் பொறுப்பு அதிகாரிகளிடம் போனது.

பிரிட்டனும் அதே பாதையில்தான் நடந்தது. 2,00,000 பவுண்டு காட்டவேண்டிய பழைய தொழில்முனைவோர் விசா 2019 மார்ச்சில் மூடப்பட்டது. பதிலாக வந்த ‘இன்னோவேட்டர்’ விசாவில் தொகை 50,000 பவுண்டாகக் குறைந்தது. 2023 ஏப்ரலில் ‘இன்னோவேட்டர் ஃபவுண்டர்’ ஆனபோது அந்த 50,000 பவுண்டு நிபந்தனையும் போய்விட்டது. விடாமல் வைத்துக்கொண்டது ஒன்றைத்தான்: அரசு அங்கீகரித்த அமைப்பு ஒன்று உங்கள் தொழிலைப் படித்துப் பார்த்து, புதியது, நடக்கக்கூடியது, வளரக்கூடியது என்று ஒப்புதல் தர வேண்டும்.

பணத்தை நான்கு பேரிடம் கைமாற்றாக வாங்கி ஒரு மாதம் வங்கிக் கணக்கில் காட்டலாம். தொழில் தெரிந்த ஒருவரின் நம்பிக்கையை அப்படி வாங்கி வைத்துக் காட்ட முடியாது. தொகை குறைந்ததைப் பார்த்துக் கதவு அகலமாகிவிட்டது என்கிறார்கள் ஏஜென்டுகள். எனக்குத் தெரிவது, பூட்டு மாறியிருக்கிறது.

நான்கு: “இதில் யாருடைய தயவும் வேண்டியதில்லை”

வேலை விசா என்றால் கம்பெனிக்காரன் தயவு வேண்டும், ஸ்டார்ட்அப் என்றால் நாமே ராஜா என்பது இந்தக் கதையின் இனிப்பான பகுதி. 2015 ஜனவரியில் தொடங்கிய நெதர்லாந்தின் ஸ்டார்ட்அப் அனுமதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ராஜாவின் நிலை புரியும்.

விண்ணப்பிக்கிறவருக்கு அங்கே ஒரு ‘நம்பகமான வழிகாட்டி’ கட்டாயம். அரசின் தொழில் முகமையான ஆர்.வி.ஓ. அங்கீகரித்த வழிகாட்டிகளின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. உங்களை எப்படி வழிநடத்தப்போகிறார் என்று அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு அவர் கையில் இருக்கக்கூடாது. நெருங்கிய உறவினராகவும் இருக்கக்கூடாது. சித்தப்பா அங்கே இருக்கிறார், அவரே கையெழுத்துப் போடுவார் என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. யோசனையைத் தொழிலாக மாற்றுவதற்குப் படிப்படியான திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் போட்டுவிட்டுப் பங்குதாரராக ஒதுங்கி இருக்க முடியாது. நிறுவனர் தானே இறங்கி வேலை பார்க்க வேண்டும். நீங்கள், வழிகாட்டி இருவருமே அந்நாட்டு வணிகப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

செலவுக்குப் பணம் வேண்டாமா என்றால், வேண்டும். அங்கிருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் 70 சதவீதம் என்ற கணக்கில் ஓராண்டு வாழ்வதற்கான தொகையைக் காட்ட வேண்டும். கோடீஸ்வரர் தொகை ஒன்றுமில்லை. அதை வழிகாட்டியோ வேறொருவரோ ஏற்றுக்கொள்ளவும் விதியில் இடமிருக்கிறது. ஆக, பணத்துக்கு மாற்று வழி இருக்கிறது. வழிகாட்டிக்கு இல்லை.

வேலை விசாவில் முதலாளி உங்களுக்கு ஜாமீன். இங்கே முதலாளி போய் வழிகாட்டி வந்திருக்கிறார். முதலாளிக்காவது உங்கள் உழைப்பு உடனே தேவைப்படுகிறது, அதனால் தேடிவந்து கையெழுத்துப் போடுகிறார். வழிகாட்டியிடம் நீங்கள்தான் போய், இந்தத் தொழில் நிற்கும் என்று நம்ப வைக்க வேண்டும்.

ஐந்து: “ஒருமுறை உள்ளே போய்விட்டால் அப்புறம் கவலையில்லை”

இதுதான் ஆபத்தான நம்பிக்கை, ஏனென்றால் இதை நம்பித்தான் வீட்டை விற்கிறார்கள். நெதர்லாந்தின் ஸ்டார்ட்அப் அனுமதி ஒரே ஓர் ஆண்டுக்கு. அதே அனுமதியை நீட்டிக்க முடியாது. ஆண்டு முடிவதற்குள் சுயதொழில் செய்பவருக்கான வேறு அனுமதிக்கு மாற வேண்டும், அந்த நேரத்தில் வழிகாட்டியின் பரிந்துரை மறுபடி தேவைப்படுகிறது. வங்கிக் கணக்கு திறந்து, வீடு பிடித்து, முதல் வாடிக்கையாளரைக் கண்டுபிடிப்பதற்குள் ஓர் ஆண்டு எப்படிக் கரையும் என்பது தொழில் செய்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. இந்த அனுமதியில் இருப்பவர் தன் தொழிலைப் பார்க்கலாமே தவிர, தனியாக வேலை அனுமதி வாங்காமல் இன்னொருவரிடம் சம்பளத்துக்குப் போக முடியாது. கையில் காசு தீர்ந்தால் இரண்டு மாதம் ஏதாவது வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற நம் ஊர்ப் பாதுகாப்பு அங்கே கிடையாது.

பிரிட்டனில் மூன்றாண்டு தருகிறார்கள், வேறு வேலை பார்க்கவும் ஓரளவு இடமுண்டு. ஆனால் ஒப்புதல் தந்த அமைப்பு இடையில் குறைந்தது இரண்டு முறை உங்களை அழைத்து, சொன்னபடி தொழில் நகர்கிறதா என்று பார்க்கும். ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டால் விசாவுக்கே ஆபத்து. சிங்கப்பூரின் முதல் ஆன்ட்ரபாஸும் ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்கும்போது தொழிலில் எவ்வளவு செலவிட்டீர்கள், உள்ளூர்க்காரர் எத்தனை பேருக்கு வேலை தந்தீர்கள் என்று கேட்பார்கள்.

“கனடா நேரடியாக நிரந்தர வசிப்புரிமையே தந்ததே” என்று ஒருவர் எழுந்து நிற்பார். உண்மைதான். 2013-இல் சோதனையாகத் தொடங்கி 2018-இல் நிலையான திட்டமானது அது. அங்கும் ஜாமீன் இருந்தது: அரசு குறித்துவைத்த முதலீட்டு நிறுவனமோ, ஏஞ்சல் முதலீட்டாளர் குழுவோ, தொழில் வளர்ப்பகமோ ஆதரவுக் கடிதம் தர வேண்டியிருந்தது. கடிதங்கள் குவிந்தன, காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2024 ஏப்ரல் 30 முதல் ஓர் அமைப்பு ஆண்டுக்குப் பத்துத் தொழில்களுக்கு மேல் ஆதரிக்க முடியாது என்று அரசு கடிவாளம் போட்டது. தாராளமாகத் திறந்த கதவும் கூட்டம் சேர்ந்தால் இப்படித்தான் ஒருக்களிக்கிறது. மூன்று வருடம் முன்னால் போனவரின் அனுபவத்தை வைத்து இன்று டிக்கெட் எடுக்கக்கூடாது.

அப்படியானால் இது வீண் கனவா?

இல்லை. மறுக்கவந்த வேகத்தில் உள்ளதை மறைப்பது நியாயமாகாது. பெரிய கம்பெனியின் சம்பளச் சீட்டும், கோடிக்கணக்கில் முதலீடும் இல்லாத ஒருவருக்கு, தான் உருவாக்கிய பொருளின் பலத்திலேயே வெளிநாட்டில் கால் ஊன்ற இப்படி ஒரு வழி இருப்பது பெரிய விஷயம். ஜெர்மனியில் தொழில் நன்றாக நடந்து, குடும்பத்தைத் தாங்கும் வருமானம் இருந்தால் மூன்றாண்டிலேயே நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலுக்காக இடம்பெயர்கிறவருக்கு இவை நல்ல ஏணிகள். இடம்பெயர்வதற்காகத் தொழிலை ஜோடிக்கிறவருக்கு ஒவ்வொரு படியிலும் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

ஏஜென்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது. ஆர்.வி.ஓ.வின் வழிகாட்டிப் பட்டியலைத் திறந்து, உங்கள் துறைக்குப் பொருந்தும் ஐந்தாறு பேருக்கு, என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஒருவராவது “மேலே பேசலாம்” என்று பதில் போட்டால், உங்கள் பயணம் அங்கே தொடங்குகிறது. ஒருவரும் போடவில்லையென்றால் கம்பெனி பதிவு, வக்கீல், விமான டிக்கெட் ஆகிய அத்தனை செலவும் மிச்சம். பொருளை இன்னும் கொஞ்சம் செதுக்கிவிட்டு, அதே ஆட்களுக்கு அடுத்த வருடம் மறுபடி எழுதலாம்.