கடவுள் இல்லையென்பார்க்கு நம் விடை

கடவுள் என்பதொன்று இல்லை, கோயில் என்பது வஞ்சகரின் கடை, பக்தி என்பது ஏழைக்கு இட்ட விலங்கு என்னும் பேச்சு இந்நாளில் கோல சிலாங்கூர் நகரத்துத் தேநீர்க் கடைகளில் மட்டுமன்று, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா முதலிய ஊர்களைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களின் லயங்களிலும் கேட்கப்படுகின்றது. பேசுவோர் பெரும்பாலும் கற்ற இளைஞர். ஒருவர் பெரியார் பெயரைச் சொல்லுவார்; மற்றொருவர் 2006-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ரிச்சர்டு டாக்கின்ஸ் வெளியிட்ட நூலைச் சொல்லுவார். கேட்கும் ஆஸ்திகரோ காதைப் பொத்திக்கொள்ளுகின்றனர். அன்றேல் வைது விலகுகின்றனர். இவ்விரண்டும் விடையாகா. கேள்வியை மதித்து மறுமொழி கூறுவதே விடையாம். கடவுளை நம்பும் நாம் அதனை ஈண்டுச் செய்யத் துணிகின்றோம்.

நாஸ்திகம் மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கன்று. மணிமேகலையிற் பல சமயக்கணக்கரோடு பூதவாதியும் ஒருவனாய் நின்று தன் கொள்கையை உரைக்கின்றான். நீலகேசியிலும் பூதவாதத்திற்கென ஒரு சருக்கம் உண்டு. நம் முன்னோர் அவரை வாதத்தால் எதிர்த்தனரேயன்றி, அவர் பெயரை ஏட்டினின்று அழித்துவிடவில்லை. வாதத்திற்கு அஞ்சுதல் ஆஸ்திகர்க்கு அழகன்று என்பதற்கு இதுவே சான்று.

நிற்க. இந்நாட்டுத் தமிழர்க்குச் சுயமரியாதைக்காரர் செய்த நன்மையை மறைத்தல் நன்றி கொன்ற செயலாகும். 1925-இல் குடி அரசு தோன்றிற்று. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் வந்திறங்கி மலாயாவிற் சுற்றுப்பயணம் செய்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது, 1935-இல் கோ. சாரங்கபாணியார் தமிழ் முரசைத் தொடங்கினார். சாதியை விடு, பெண்ணைப் படிக்க வை, வீண் சடங்கிற் பொருளை அழிக்காதே என்று அவர்கள் முழங்கியபொழுது, நெற்றி நிறைய நீறு பூசியவருள் எத்தனை பேர் அவரோடு உடன் நின்றனர்? இதனைக் கேட்டு நம்மவர் தலை குனியத்தான் வேண்டும். ஆயினும், நன்மை செய்தவர் சொல்லும் ஒவ்வொரு முடிபும் உண்மையாகிவிடாது. அவரை வணங்கலாம், அவர் கூற்றை ஆராயவும் வேண்டும்.

அவர்தம் முதற் கூற்று, மதத்தின் பெயரால் மோசடி நடந்தது, ஆதலின் மதம் பொய் என்பது. மோசடி நடந்தது மெய், இன்றும் நடக்கின்றது. ஆனால் "ஆதலின்" என்னும் சொல் எங்ஙனம் வந்தது? கித்தா மரம் வெட்டிய நாளில், பாலில் நீர் கலந்து எடை காட்டியவர் சிலர் இருந்தனர். அதனால் மரத்திற் பாலே இல்லையென்று எந்தக் கிராணியும் கணக்கெழுதவில்லை. பாலின் திறத்தை அளந்தறியக் கருவி கொண்டு வந்தனர். கலப்பைக் கண்டவன் செய்யவேண்டுவது அளத்தலே. மரத்தை வெட்டிச் சாய்த்தலன்று.

அவ்வாறு அளந்தவர் நாஸ்திகர் மட்டுமோ? இராமலிங்க வள்ளலார் 1865-இற் சன்மார்க்க சங்கம் நிறுவினார்; 1867-இல் வடலூரிற் சாதி சமயம் பாராது சோறிடும் தருமசாலை திறந்தார். சாதியையும் ஆசாரப் பித்தையும் அவரினும் கடிந்தவர் யார்? அவர் கடவுளை மறுத்தா அதனைச் செய்தார்? உயிர்களிடத்திற் கடவுளைக் கண்டமையாலன்றோ செய்தார்! எனவே மூட நம்பிக்கையைச் சாடுதல் நாஸ்திகத்தின் தனிச்சொத்து என்னும் உரிமைப் பத்திரம் செல்லாது.

இரண்டாவது கூற்று, விஞ்ஞானம் வளர்ந்தது, கடவுளுக்கு இனி இடமில்லை என்பது. இதற்கு நம் மாவட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் காட்டுவோம். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட ஊரையடுத்த தென்னமரம் தோட்டத்திலேதான், 1917-இல், இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு தொடங்கிற்று. அதன்பின் பல்லாண்டுகள் பாளை பிடிப்பது பெரும்பாடாயிருந்தது. தொழிலாளர் கையால் மகரந்தம் தூவிவந்தனர். ஆப்பிரிக்கக் காடுகளில் இவ்வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என அறிந்த ஆராய்ச்சியாளர், 1981-இல் அதனைக் கமரூனிலிருந்து கொணர்ந்து இங்கே விட்டனர். கைவேலை ஒழிந்தது, குலைகள் பெருகின. அவ்வாராய்ச்சியை நாம் தலைவணங்கிப் போற்றுகின்றோம். மகரந்தத்தை வண்டு சுமக்கின்றது என்று அறிந்தமையாற் கடவுள் எங்கே ஓடினார்? காரணம் அறியாத இடங்களில் மட்டும் ஒளிந்திருக்கும் கடவுளை நாம் வழிபடவில்லை. குலை எப்படிப் பழுத்தது என்பதை விஞ்ஞானம் சொல்லும். பழுத்த குலையை நிறுக்கும் இடத்தில் ஏழையை ஏமாற்றலாகாது என்பதை எந்த ஆராய்ச்சிச் சாலை சொல்லும்?

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதுவே வலியது. மற்றவற்றை விளையாட்டெனக் கொள்ளினும், இதனை அங்ஙனம் கொள்ள எந்நெஞ்சும் துணியாது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் திரட்டியபொழுது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கிற் கொண்டு செல்லப்பட்டனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அடியாலும் அவர் மாண்டனர். பலருக்குக் கல்லறையும் இல்லை. அவரும் மாரியம்மனைக் கும்பிட்டவர்தாமே. அப்பொழுது உங்கள் கடவுள் எங்கே இருந்தார் என்று நாஸ்திகர் கேட்கின்றார்.

இதற்கு நம்மவருட் சிலர், எல்லாம் முன்வினைப் பயன் என எளிதாக விடை கூறிவிடுகின்றனர். அவ்விடையை நாம் ஏற்கவில்லை. சவுக்கெடுத்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனையே குற்றவாளியாக்கும் விடை அது. பட்டினியால் மாண்டவனைப் பார்த்து வயிறு நிறைந்தவன் வினையைப் பற்றிப் பேசுதல் பக்தியாகாது, நாஸ்திகத்தினும் கொடிது.

ஏன் அது நிகழ்ந்தது என்னும் கேள்விக்கு நம்மிடம் முழு விடை இல்லை. ஆனால் நாஸ்திகரிடத்தும் ஒரு கேள்வி உண்டு. அஃது அநீதி என்று நும் நெஞ்சு கொதிக்கின்றதே, அக்கொதிப்பிற்கு அளவுகோல் யாது? மனித இரக்கமே போதும் என்பீர். இரக்கமுள்ள நாஸ்திகர் பலர் உளர். அவரை நாம் அறிவோம், மதிக்கின்றோம். ஆயின் அவ்விரக்கம் உயிரோடிருப்பவனுக்கு உதவும். மாண்டவனுக்கு என் செய்யும்? செக்ரோலிற் பெயர் அடிக்கப்பட்டதோடு அவன் வழக்கும் தீர்ந்ததோ? தீரவில்லை, எவராலும் அடிக்கவொண்ணாத ஒரு பேரேடு உண்டு என்பதே நம் நம்பிக்கை. இது நிரூபணமா என்பீராயின், அன்று, நம்பிக்கையென்றே சொல்லுகின்றோம். அப்பேரேட்டை நம்புகிறவன் இங்குள்ள கணக்கைத் திருத்தாது சோம்பியிருத்தல் இயலாது என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

பக்தி மக்களை அடிமையாக்கும் அபின் என்பாரும் உளர். தோட்டத்தில் அபினாக இருந்தது யாது? கள்ளுக்கடையன்றோ! 1941-இற் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்றும், துரையைக் கண்டதும் சைக்கிளினின்று இறங்கும் இழிவு ஒழியவேண்டுமென்றும் கேட்டனர். துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவரும் உண்டு. அவருட் பெரும்பாலோர் கோயிலுக்குச் செல்லும் மக்களே. கும்பிட்ட கை ஓங்கவும் அறிந்திருந்தது என்க.

ஆஸ்திக அன்பர்காள்! நும்மிடத்தும் இரண்டு சொல் உண்டு. 2017 ஆகஸ்டிற் கோலாலம்பூரில் நாஸ்திகர் சிலர் கூடியெடுத்த புகைப்படமொன்று வெளிவர, அவரை வேட்டையாடிப் பிடிக்கவேண்டுமென அமைச்சர் ஒருவரே பேசினார். அப்பேச்சில் நாம் மகிழ்தல் தகாது. 1930-களில், பகத்சிங்கின் நாஸ்திகக் கட்டுரையைத் தமிழாக்கிய ப. ஜீவானந்தத்தை வெள்ளையராட்சி சிறையிலிட்டது. அதனாற் பக்தி ஓரணுவேனும் வளர்ந்ததா? 1970-ஆம் ஆண்டின் ருக்குன் நெகாராவில் இறை நம்பிக்கை முதற்கோட்பாடாய் நிற்கின்றது. அதனை நெஞ்சிற் கொள்ளலாம். பிறன் தலையில் அடிக்கும் தடியாகக் கொள்ளலாகாது. போலீஸ்காரரின் காவலை வேண்டுவது கடவுளன்று, நம் அச்சமே.

இரண்டாவது, நாஸ்திகருக்கு நாம் கூறும் விடை ஏட்டில் எழுதும் விடையாக நின்றுவிடின் பயனில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர்ப்புறத்து அடுக்கு வீடுகளுக்குச் சென்றபின் கோயில் மட்டும் தனித்து நிற்கும் இடங்கள் பல. அங்கே திருவிழாவன்று ஒருநாள் கூடிப் பந்தலும் பட்டாசுமாய்ப் பொருளைக் கரைத்துவிட்டுக் கலைவோமாயின், நாஸ்திகர் சொல்லே வெல்லும். கோயிற் கணக்கை எல்லாரும் காணப் பலகையில் ஒட்டுக. மாலையிற் பிள்ளைகளுக்கு அங்கேயே பாடஞ்சொல்லுக. குடித்து வருவோனை வாயிலில் நிறுத்துக. நிருவாகத்திற் பெண்களையும் அமர்த்துக. சாதி கேட்பவனைக் கோயிலினின்று வெளியேற்றுக.

இவற்றைச் செய்த கோயிலின் முன் ஒரு நாஸ்திக இளைஞன் வந்து நின்று, கடவுள் இல்லையென்று உரைக்கட்டும். அவனை உள்ளே அழைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தச் சொல்லுவோம். பாடம் முடிந்தபின் வாதத்தைத் தொடர்வோம்.