குற்றப் பின்னணியைப் பார்க்கிறார்களா, வீட்டில் இருக்கிறோமா என்று பார்க்கிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுப் பள்ளி வேலைக்கான விசாவுக்கு 'பி.சி.சி.' எனப்படும் காவல்துறைச் சான்று தேவைப்படுகிறது. அதற்காக நம் மாவட்டங்களில் நடக்கும் விசாரணையின் லட்சணத்தைக் கண்டித்து இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இங்கிலாந்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் பஞ்சம். 2023 முதல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் ஆசிரியர்களும் 'தகுதிபெற்ற ஆசிரியர்' என்ற தகுதிநிலை கேட்டு அங்கே விண்ணப்பிக்க வழி திறந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. அந்த நாட்டு விதியில் குழப்பம் ஏதுமில்லை. கல்வித்துறை வேலை என்றால், கடந்த 10 ஆண்டுகளில் எந்த நாட்டில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்தோமோ, அந்த நாட்டிலிருந்து குற்றப் பின்னணிச் சான்று வாங்கித் தர வேண்டும். மாலத்தீவில் இரண்டு வருடம் பாடம் நடத்திவிட்டு வந்தவர் அங்கிருந்தும் ஒன்று வாங்கியாக வேண்டும்.

இதை நான் எதிர்க்கவில்லை. பிள்ளைகளை ஒப்படைக்கிற இடத்தில் நிற்கப்போகிறவர் யார் என்று கேட்பது எந்தப் பள்ளிக்கும் கடமை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் அத்துமீறியதைப் பத்திரிகைகளில் படித்தோமே, அதற்குப் பிறகும் இந்தச் சோதனை வேண்டாம் என்று எந்த ஆசிரியர் சொல்வார்? அந்தச் சோதனை இங்கே நடக்கவே இல்லை என்பதுதான் என் புகார். வேறு ஏதோ நடக்கிறது, அதற்கு இந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நடைமுறை இதுதான். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையப் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் இதற்கு நேரம் வாங்கலாம். சிறு ஊர்க்காரர்களுக்கு அது நல்ல உதவி, பாராட்டுகிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியிலேயே இருந்து, பழைய போலீஸ் அறிக்கையும் சரியாக இருந்தால் வழக்கமாக அதிக அலைச்சல் இல்லை. முகவரி மாறியிருந்தால் கோப்பு மாவட்டக் காவல்துறைக்குப் போய், அங்கிருந்து நம் வட்டாரக் காவல் நிலையத்துக்கு வரும். சொந்த ஊரில் பாஸ்போர்ட் எடுத்து, வேலை பார்க்கும் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவள் நான். தனியார் பள்ளி ஆசிரியர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, முன்தகவல் எதுவும் இல்லாமல், சீருடையில் ஒரு காவலர் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். அந்த நேரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை எங்கே இருப்பாள்? நான் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் நடத்திக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் என் தொழில் 'ஆசிரியை' என்று தெளிவாக இருக்கிறது, கைப்பேசி எண்ணும் இருக்கிறது. கூப்பிடவில்லை. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் விசாரித்திருக்கிறார். "சனி ஞாயிறுன்னா ஊருக்குப் போயிருவாங்க சார், எப்பவாவதுதான் இருப்பாங்க" என்று அவர் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து இணையதளத்தில் பார்த்தால் 'பாதகமான போலீஸ் அறிக்கை' என்று நிற்கிறது. மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது: விண்ணப்பதாரர் அந்த முகவரியில் வசிக்கவில்லையாம்!

என்மேல் திருட்டு வழக்கு உண்டா, அடிதடி வழக்கு உண்டா, குழந்தைகளிடம் தவறாக நடந்ததாகப் புகார் உண்டா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு வீட்டில் இருந்தேனா என்பதுதான் சோதனை. அதில் நான் தோற்றுவிட்டேன். வேலைக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நல்லவள் என்று எழுதியிருப்பார்கள் போலும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து, "என்ன கேஸு டீச்சர்? எங்ககிட்ட மறைக்காதீங்க" என்று கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகும் அவர் முகம் தெளியவில்லை. மறுநாள் தெருமுனை மளிகைக்கடை வரைக்கும் சேதி போயிருந்தது. தனியாகக் குடியிருக்கும் பெண்ணின் வாசலில் காக்கிச் சட்டை வந்து நின்றால் நம் தெருக்கள் என்ன பேசும் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா? ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, "இன்ன நாள், இன்ன நேரம் வருகிறோம்" என்று சொல்ல எவ்வளவு செலவாகும்? கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூடச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்.

நிலையத்துக்கு நேரில் போனால் ரைட்டர் ஒரு பட்டியல் சொல்கிறார். ஆதார் ஜெராக்ஸ், வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அக்கம்பக்கத்தார் இரண்டு பேரின் கையெழுத்து, அவர்களுடைய ஆதார் ஜெராக்ஸ். இவை எல்லாம் எந்த விதியில் இருக்கின்றன என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில், "தூரமா வந்து போறோம் டீச்சர், பெட்ரோல் விக்கிற விலையில பார்த்துச் செய்யுங்க" என்கிறார். இந்தப் பெட்ரோலைப் பற்றி ஒரு விஷயம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். பாஸ்போர்ட் விசாரணை அறிக்கையை 21 நாளுக்குள் அனுப்பினால் 150 ரூபாய், தாமதித்தால் 50 ரூபாய் என்று மத்திய அரசு மாநிலக் காவல்துறைக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பணம் வந்து போகிற காவலரின் கைக்கு வருவதில்லை என்றால், அவர் கேட்க வேண்டியது தன் மேலதிகாரிகளிடம்.

உண்மையில், குற்றப் பதிவுகளைப் பார்க்க வீடு வீடாக ஏறி இறங்கவே தேவையில்லை. நாட்டின் காவல் நிலையங்களைக் கணினியில் இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு 2009-இல் ஒப்புதல் தந்து கோடிக்கணக்கில் செலவழித்தாயிற்று. முதல் தகவல் அறிக்கைகள் அதில் ஏறுகின்றன. பெயரையும் பிறந்த தேதியையும் போட்டு உட்கார்ந்த இடத்தில் தேடிவிட்டு, முகவரியை மட்டும் தனியாக உறுதி செய்துகொள்ளலாம். முகவரியில் சந்தேகம் என்றால் 'முகவரியில் சந்தேகம்' என்று எழுதட்டும். 'பாதகம்' என்ற சொல்லை அதற்கு ஏன் பயன்படுத்த வேண்டும்?

என் கதையாவது முகவரியோடு நிற்கிறது. இதைவிடக் கொடுமை போராட்ட வழக்கு இருப்பவர்களின் கதை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆசிரியர்கள் மறியல் செய்தார்கள், கைதானார்கள். அந்த வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். கோட்டையில் அறிவித்தது நிலையத்துப் பதிவேட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பது விண்ணப்பம் போடும்போதுதான் தெரியும். இடிந்தகரைப் பக்கத்து இளைஞர்கள் கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்ட வழக்குகளால் பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பது இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊதியம் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவரும் பிள்ளைகளிடம் அத்துமீறியவரும் ஒரே 'வழக்கு உள்ளது' என்ற வரிக்குள் அடைபடுவதா? விசா அதிகாரி அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவார்?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள குற்ற நடவடிக்கையைப் பற்றித்தான் பேசுகிறது. வெறும் முதல் தகவல் அறிக்கையும் புலனாய்வில் இருக்கும் வழக்கும் இந்தப் பிரிவில் வராது, நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்ற பிறகே அது நிலுவையாகக் கருதப்படும் என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபர் 10 தேதியிட்ட குறிப்பாணையில் சொல்லியிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கே இந்த அளவுகோல் என்றால், அந்தப் பாஸ்போர்ட்டை வைத்து வாங்கும் சான்றுக்குக் காவல் நிலையம் வேறு அளவுகோல் வைத்திருப்பது எப்படி நியாயம்? எனவே அறிக்கையில் வழக்கின் நிலை முழுதாக இருக்க வேண்டும். என்ன பிரிவு, நீதிமன்றம் ஏற்றதா, விடுதலையா, தண்டனையா, அரசே திரும்பப் பெற்றதா என்று எழுதி, அதன் நகலை விண்ணப்பதாரருக்கும் தர வேண்டும். பாதகமாக எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை விளக்கம் கேட்பது அடிப்படை நியாயம்.

தாமதத்தின் விலையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துப் பள்ளி ஸ்பான்சர்ஷிப் சான்று கொடுத்தால், அதை வைத்து 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அங்கே கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது, நம் விசாரணை முடியட்டும் என்று இயற்பியல் வகுப்பைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். இங்கேயோ வேலையை விட்டாயிற்று என்றால் அடுத்த ஜூன் வரை எந்தப் பள்ளியும் எடுக்காது. முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது, பல நாடுகள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட சான்றைத்தான் ஏற்கின்றன. இந்த நெருக்கடியில்தான் ஏஜென்டுகள் நுழைகிறார்கள். 500 ரூபாய் சான்றுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, "ஸ்டேஷன்ல நாங்க பேசிக்கிறோம்" என்கிறார்கள். போதாக்குறைக்கு, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் தனியாக வழங்கும் சரிபார்ப்புச் சான்றையும் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி.யையும் ஒன்றென்று நினைத்து முதலாவதை வாங்கிக்கொண்டு போய் விசா மையத்திலிருந்து திரும்பி வருகிறவர்கள் வேறு. எதற்கு எது என்று அந்த இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

பக்கத்தில் கேரளமும் கர்நாடகமும் அரசுச் சேவைகளுக்குக் காலக்கெடு விதிக்கும் சட்டம் கொண்டுவந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், அதில் இந்தச் சான்றும் இருக்க வேண்டும். அதுவரை காவல்துறைத் தலைவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே போதும்: முன்தகவல் இல்லாமல் போகக் கூடாது, சாதாரண உடையில் போக வேண்டும், பணியில் இருப்பவரைப் பணியிடத்திலோ மாலையிலோ பார்க்க வேண்டும். இதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை.

மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். கோப்பு இன்னும் அதே ரைட்டர் மேசையில்தான் இருக்கிறது என்பதால், என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.