மனப்பாடம் போதும்! ஆற்றங்கரைக்குப் போகட்டும் வகுப்பு!

"நீர் மாசு என்றால் என்ன? ஐந்து மார்க்."

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகள் உயர்நிலைப் பள்ளிப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு விடை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ளதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுகிறாள். ஐந்து மார்க்கும் கிடைக்கிறது. ஆனால் தன் தெருக் கிணறு ஏன் உப்புக் கரிக்கிறது என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் யாரையும் கேட்கக்கூடாது. இதற்குப் பெயர் விஞ்ஞானப் படிப்பாம்!

தோழர்களே! இது விஞ்ஞானம் அல்ல, ஏட்டுச் சுரைக்காய்.

சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. பாடம் வந்தது, புத்தகமும் வந்தது. ஆனால் பாடம் நாலு சுவருக்குள் அடைபட்டது. ஆறு வெளியே ஓடுகிறது. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஆற்றின் இலக்கணத்தை ஒப்பிக்கிறார்கள்!

கேள்வியில் தொடங்கும் படிப்பு எப்படி இருக்கும்? பட்டறைகளுக்கு மேலே உள்ள கிணற்றில் ஒரு லிட்டர், கீழே உள்ள கிணற்றில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிள்ளைகள் மொண்டு வருவார்கள். பாத்திரத்தை முதலில் எடை போடுவார்கள். தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, மறுபடி எடை போடுவார்கள். அடியில் வெள்ளையாய்ப் படிந்தது எவ்வளவு? குடிதண்ணீரில் லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 2 கிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இரண்டு தண்ணீரிலும் பச்சைப்பயறு முளைக்கவிட்டு, எது தழைக்கிறது, எது கருகுகிறது என்றும் பார்ப்பார்கள்.

அடுத்த கேள்வி, இந்த உப்பு எங்கிருந்து வந்தது? விடை வீட்டிலேயே இருக்கிறது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு போய்விடும். தொட்டியில் மூட்டை மூட்டையாய் உப்புக் கொட்டுகிற தகப்பனார்தான் இந்தப் பாடத்துக்கு முதல் உபாத்தியாயர்!

இது வெறும் மார்க்கு விஷயமா? நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் தேங்கியது சாயக்கழிவு. பயிருக்கு வந்த தண்ணீர் பயிரைக் கொன்றது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்தவர் முதலாளி. நிலத்தை இழந்தவர் விவசாயி. வேலையை இழந்து நின்றவர் தொழிலாளி. ஊருக்கு ஊர் அளக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்திருந்தால், கணக்கு அத்தனை ஆண்டு மூடிக் கிடந்திருக்குமா?

"சிலபஸை முடிக்க நேரமில்லை, ஏழைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாது" என்பார்கள். பொய்! மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல், 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் இப்படிப்பட்ட விஞ்ஞானப் படிப்பு தொடங்கியது. பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து கற்றார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்தே பரீட்சை எழுதினார்கள். அது ஆயிரம் பள்ளிகள் வரை பரவியது. விவசாயிகளின் பிள்ளைகளுக்கு எட்டியது! அதை 2002-ல் நிறுத்தியது மாநில சர்க்கார். எட்டாதது பிள்ளைகளுக்கு அல்ல, பொறுக்காதது ஆட்சியாளருக்கு!

ஆசிரியர்மேல் பழி போட வேண்டாம். தராசும் கொடுக்காமல், நேரமும் கொடுக்காமல், தேர்ச்சிக் கணக்கை மட்டும் கேட்டால் அவர் என்ன செய்வார்?

நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு சர்க்கார் உயர்நிலைப் பள்ளிக்கும் தராசும் சோதனைச் சாமான்களும் வேண்டும். வெளியே சென்று படிக்க நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளை தானே கண்டறிந்ததற்கு மார்க்கு வேண்டும். கடையில் வாங்கிய தெர்மாக்கோல் பொம்மைக்கு அல்ல. அளந்த கணக்கைக் கிராமசபையில் வாசிக்க உரிமை வேண்டும்.

இன்று ராத்திரி உங்கள் பிள்ளையிடம் "என்ன படித்தாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கேள்வியை நாம் எழுப்புவோம்!