நாணம் வேண்டா

செவிப்புலன் குன்றுதல் குற்றமன்று. அதனை மறைத்தலே கேடு பயக்கும். ஜெர்மனியிற் பிறந்த இசைமேதை பீத்தோவன், மருத்துவரான தம் நண்பர்க்கு 1801-ஆம் ஆண்டில் ஒரு மடல் வரைந்தார். தமக்குக் காது கேளாமையைப் பிறரிடம் கூற இயலாமல், ஏறத்தாழ ஈராண்டுகள் மக்கள் கூட்டத்தைத் தவிர்த்து வாழ்ந்ததாக அதில் வருந்தினார். அன்று அவர்க்கு வயது முப்பது.

முப்பது வயதினரே அங்ஙனம் மறைத்தாரெனின், பதினான்கு வயது மாணவன் மறைத்தல் வியப்பன்று. ஆசிரியர் கூறியது கேளாதபோதும் அவன் தலையசைக்கின்றான். தோழர் நகைத்தால், காரணம் அறியாமலே தானும் நகைக்கின்றான். பிறரோ அவனைக் கவனமற்றவன் என்று பழிக்கின்றனர். நாளடைவில் அவன் தனிமையையே நாடுகின்றான்.

பீத்தோவன் காலத்து மருத்துவம் அவரது குறையைத் தீர்க்கவில்லை. இன்றோ நிலை வேறு. காதுக் குறும்பி அடைத்தலாலும் சீழ் பிடித்தலாலும் உண்டாகும் குறைகள் பெரும்பாலும் மருத்துவத்தால் தீர்வன. தீராத குறையுடையார் பலர்க்குக் காது கேட்கும் கருவி துணை செய்கின்றது. ஆயினும், சொன்னாலன்றோ உதவி கிட்டும்? ஆதலின், ‘எனக்குச் சரியாகக் கேட்கவில்லை’ என்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தயங்காது உரைத்தல் மாணவன் கடன். அதனை எள்ளாது ஏற்றல் தோழர் கடன். கண்ணாடி அணிந்தாரை நகையாத நாம், காதிற் கருவி அணிந்தாரை நகைத்தல் முறையாகுமா?