முதலிற் கேட்கவேண்டிய கேள்வி

சித்திரைப் புத்தாண்டு அணுகுந்தோறும் நம்மவர் வீடுகளிலே ஒரு வழக்கு எழுதல் இயல்பாகிவிட்டது. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைப் புண்ணிய காலமென விதிக்கின்றது. திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தை விதிக்கின்றது. “எது சரி, ஐயா?” என்று வந்தாறுமூலை மாணாக்கர் என்னை வினவுவதுண்டு. நல்ல கேள்விதான்; ஆயினும் அது மூன்றாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் கருத்து. “எப்படிச் செய்தீர்கள்?” என்பது முதற் கேள்வி, “ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்பது இரண்டாவது. விஞ்ஞான வரலாற்றைக் கற்க விழைவோர் இவ்வரிசையை மறத்தல் ஆகாது.

நம் பாடசாலைகளில் விஞ்ஞான வரலாறு என்பது பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகவே இருக்கின்றது. கொப்பர்னிக்கஸ், கலிலியோ, நியூட்டன் எனப் பெயர்களை ஒப்புவித்தால் வரலாறு முடிந்தது! பழைய மனிதன் ஒருவன் எந்தக் கருவியைக் கையிற் கொண்டு, எந்தக் கணக்கை மனத்திற் கொண்டு, ஒரு கிரகணத்தை முன்கூட்டியே அறிந்தான் என்பதன்றோ வரலாறு? அதனை ஏடு மாத்திரம் கற்பித்துவிடாது. செய்யத் தெரிந்த ஆசான் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் கை செல்லும் வழியை நோக்கிக் கற்றல் வேண்டும்.

இவ்வாறு கற்றவர் இருவரின் கதை தமிழர்க்கு உரியதாயிருந்தும் தமிழரால் அதிகம் அறியப்படாதது. முதலாமவர் லெ ஜாந்தீ என்னும் பிரெஞ்சு வானநூலார். வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியை அளக்கவே அவர் கீழ்த்திசைக்கு வந்தார். 1761ஆம் ஆண்டு புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டுவிட்டமையால், அக்காட்சி நிகழ்ந்த நாளில் அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார். எட்டாண்டு காத்திருந்து புதுச்சேரியை அடைந்தபோதோ, 1769 ஜூன் 4ஆம் நாட் காலையில் முகில் சூரியனை மறைத்துவிட்டது! எனினும் அவர் வெறுங்கையுடன் மீளவில்லை. அங்கே தமிழ்க் கணிதரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டறிந்து ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். வானம் மறுத்ததை மாணாக்க நிலை அவருக்கு அளித்தது.

இரண்டாமவர் ஜான் வாரன். சென்னை வானாய்வு நிலையத்திற் பணியாற்றியவர். ‘கால சங்கலித’ என்ற பெருநூலை 1825இல் வெளியிட்டவர். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்க கணிதர் ஒருவரைக் கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்தார். அக்கணிதர் தாளையும் எழுதுகோலையும் தொடவில்லை. நிலத்திலே சோழிகளைப் பரப்பினார்; மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தினார்; விடையைக் கூறினார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை.

மனத்திலே இத்தனை எண்களை எவ்வாறு தாங்கினார்? எண்களைச் சொற்களாக்கி வைத்திருந்தனர் நம் முன்னோர். சங்கீதம் பயின்றோர் இம்முறையை அறிவர். மேசகல்யாணி என்னும் இராகப் பெயரில் ‘ம’ என்பது 5. ‘ச’ என்பது 6. வலமிருந்து படித்தால் 65. அவ்விராகம் 65ஆவது மேளகர்த்தா. இவ்வாறே சந்திரன் நாடோறும் நிற்கும் இடத்தைக் குறிக்கும் 248 சொற்றொடர்கள் உள்ளன. அவையே வாக்கியங்கள், வாக்கிய பஞ்சாங்கம் அவற்றாற் பெயர் பெற்றது. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அண்மித்த நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய ஏறக்குறைய 27.5546 நாள் ஆகும். அதனை ஒன்பதாற் பெருக்கினால் 247.99. ஆகவே 248 நாளில் ஒரு சுற்று முடிந்து, வாய்பாடு மீண்டும் தொடங்குகின்றது.

இந்தக் ‘ஏன்’ என்பதற்கு அப்புதுச்சேரிக் கணிதர் விடை கூறவில்லை. கொள்கையை அவர் அறியார் என்றே வாரன் எழுதினார். அதனாற் கணிதரை இகழ்ந்து ஒதுக்கினாரா? இல்லை. அவர் செய்ததைச் செய்தபடியே எழுதிவைத்தார். அந்த நேர்மையின் பயன் 127 ஆண்டுகளுக்குப் பின்னர்த் தெரிந்தது. ஆட்டோ நாய்கபவர் என்னும் வரலாற்றறிஞர் 1952இல் தமிழர் வானநூல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 248 நாட் சுற்று பாபிலோனியரிடத்தும் இருந்தது. எகிப்திற் கிடைத்த கிரேக்க ஏட்டிலும் இருந்தது. களிமண் பலகையில் மடிந்துபோன ஒரு கணக்குமுறையின் உறவு, புதுச்சேரித் தெருவொன்றிலே சோழியாக உயிர்வாழ்ந்திருக்கின்றது! ஆசான் ‘எப்படி’யைக் காத்தார்; மாணாக்கர் அதனைப் பிறழாது பதிந்தார்; பின்வந்தவர் ‘ஏன்’ என்பதைக் கண்டார். மூவருள் எவர் தவறியிருந்தாலும் இழப்பு நமக்கே.

வரிசை மாறினால் நேர்வதையும் காண்போம். லெ ஜாந்தீ கொண்டுசென்ற கணக்குகளைப் பாரிசில் இருந்தபடியே ஆராய்ந்த பாய்யி என்பவர், கலியுகத் தொடக்கமாகிய கி.மு. 3102இலேயே இந்தியர் வானை அளந்து குறித்தனர் என்று 1787இல் நூல் எழுதினார். பின்னோக்கிக் கணித்துப் பெற்ற தொடக்கத்தை அவர் நேரிற் கண்ட தொடக்கமென மயங்கினார்; லாப்லாஸ் அதனை மறுத்தார். நம் மேடைகளிலே இன்றும் ஒலிக்கும் வீண்பெருமைகள் பல இம்மயக்கத்தின் பிள்ளைகளே. மறுபுறம், யாழ்ப்பாணத்தில் 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்தின்போது, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பில் இருந்த பிழையை வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் பூவர் பலரறியக் காட்டினார். பிழை பிழையே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே ஒருவர் மற்றவரைச் சோதித்தாரேயன்றி, ஒருவரிடம் மற்றவர் கற்கவில்லை. அதே செமினரியின் பின்னைத் தலைவர் ஹொய்சிங்டன் 1848இல் இந்திய வானநூற் கணிதத்தைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சிட்டார். கற்றல் அப்போதுதான் தொடங்கிற்று எனலாம். பெருமை பேசுவோரும் இகழ்ந்து பேசுவோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இருவரும் மூன்றாவது கேள்வியை முதலிற் கேட்கின்றனர்.

நம் மட்டக்களப்பு நாட்டுக்கு இவ்வழி புதிதன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். சிலப்பதிகாரத்து இசைச் செய்திகளைக் கணிதத்தோடு பொருத்திப் பார்த்துப் பழந்தமிழ் யாழின் இயல்பை ‘யாழ் நூல்’ என 1947இல் வெளியிட்டார். தமிழ்ப் புலமையும் விஞ்ஞானப் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடியமையால் விளைந்தது அந்நூல். எல்லோரும் விபுலாநந்தராதல் இயலாது. ஆனால் இருவர் கூடி ஒருவர் போலக் கற்றல் இயலும்.

வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமும் கலை பீடமும் ஒரே வளாகத்தில் உள்ளன. விஞ்ஞான மாணாக்கர் ஒருவரும் தமிழ் மாணாக்கர் ஒருவரும் சேர்ந்து, கையாற் கணிக்கவல்ல முதியவர் ஒருவரைத் தேடிச் செல்லட்டும். வாக்கியத்தைத் தமிழ் மாணாக்கர் எழுதிக்கொள்ளட்டும். எண்ணை மற்றவர் சரிபார்க்கட்டும். குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் 1962இல் சென்னையிற் பதிப்பித்த ‘வாக்கிய கரணம்’ துணைநிற்கும். இன்று கணினி ஒரு நொடியிற் பஞ்சாங்கம் தருகின்றது. அதனாற் கையாற் கணிப்போர்க்கு மாணாக்கர் இல்லை. கணக்கு அழியாது, கணக்குச் செய்த கை அழிந்துவிடும். நூலகம் எத்துணைப் பெரிதாயினும் அந்தக் கையை மீட்டுத் தராது. ஆதலின் காலந்தாழ்த்தாது செல்லுங்கள், பணிவோடு அமருங்கள், “எப்படிச் செய்கிறீர்கள், ஐயா?” என்று கேளுங்கள்.